பங்கு என்றொரு ஃபோல்டர்

வங்கி ஊழியர் மலர் இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஷீபா கேட்டிருந்தாள். தலைப்பையும் அவளே அனுப்பிவிட்டாள்: ‘இணைய வங்கியில் வாடிக்கையாளர்கள் செய்யும் தவறுகள்’. எங்கள் வங்கியின் நாகர்கோவில் வட்டார அலுவலகத்தில் நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தலைப்பின் மேல்தான் கோபம். அந்தத் தலைப்பில் எழுத மாட்டேன் என்று சொன்னேன். “நீங்க என்ன வேணும்னாலும் எழுதுங்க மேடம், தலைப்ப நான் பாத்துக்கிடுகேன்” என்றாள். பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று தலைப்பையும் நானே வைத்துவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகும். வெட்டுவதாக இருந்தால் முழுவதையும் வெட்டிவிடட்டும்.

நான் கிளார்க்காகச் சேர்ந்தவள். சேரும்போது வங்கியில் கம்ப்யூட்டர் கிடையாது. வந்தபோது அதைத் தொட ஆண்கள் யாரும் முன்வரவில்லை, தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். எனக்கு அந்த வெட்கம் இல்லாததால் கையைத் தூக்கினேன். திருவனந்தபுரத்தில் ஒரு மாதம் பயிற்சி. பாதி நாள் கரண்ட் இருக்காது, மீதி நாள் பயிற்சி தருகிறவர் இருக்கமாட்டார். திரும்பி வந்தபோது ‘கம்ப்யூட்டர் ஹெலன்’ என்று பெயர் விழுந்திருந்தது. பிறகு பரீட்சை எழுதி அதிகாரி ஆனேன். வட்டாரத்தில் உள்ள கிளைகளின் கம்ப்யூட்டர் பாதுகாப்பெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. பாதுகாப்பு என்றால் பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான நாட்களில் நான் செய்தது வயரைப் பிடுங்குவதுதான்.

கிளைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கோத்த புதிதில் எல்லாருக்கும் ஒரு கொண்டாட்டம். ஒருவர் மெஷினில் இருப்பதை அடுத்தவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்கலாம். ஒரு கிளை மேனேஜர் தன் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த பாட்டு, படம் அத்தனையையும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தார். கேஷியர் பணம் எண்ணிக்கொண்டே பாட்டுக் கேட்டார். வாடிக்கையாளர் கணக்கு இருக்கும் மெஷினும் அதுதான். நான் போய் முதல் வேலையாக வயரைப் பிடுங்கினேன்.

“ஒரு பாட்டு கேட்டா பேங்க் கவுந்துருமா ஹெலன்?” என்று கேட்டார்.

“பாட்டு உள்ள வாற வழியிலதான் சார் பணம் வெளிய போவும்” என்றேன்.

அன்றைக்கு எனக்கு அங்கே மத்தியானச் சாப்பாடு தரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து புட்டும் பயறும் சாப்பிட்டேன். அடுத்த மாதம் வைரஸ் வந்து பக்கத்துக் கிளைகள் படுத்தபோது அந்தக் கிளை மட்டும் ஓடியது. மேனேஜர் நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இனி அந்தக் கடற்கரை ஊர்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மணவாளக்குறிச்சிக்கு அப்பால், செருப்புக்குள் கருமணல் ஏறுகிற ஒரு ஊர். பெயர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்கள், கோயில் என்றால் மாதா கோயில்தான். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கென்று கோயிலில் ஒரு நிதி வைத்திருந்தார்கள். கரைக்கு வரும் ஒவ்வொரு வள்ளமும் அதற்குக் கொஞ்சம் கொடுக்கும். அந்தப் பணம் எங்கள் கிளையில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால் இல்லை. வடக்கே எங்கோ முன்பின் தெரியாத கணக்குகளுக்குப் போய், அங்கிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. தொகையைச் சொல்ல மாட்டேன். ஊர் வாயில் அது தினமும் வளர்ந்தது.

அந்தக் கணக்கை இணையத்தில் இயக்கியவள் ஸ்டெல்லா. கோயில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். கணவன் வளைகுடாவில் யாரோ ஒருவரின் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். பணம் அனுப்பும்போது வருகிற இரகசிய எண் ஃபாதரின் போனுக்கு வரும். ஃபாதரை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. மிச்சம் இருந்தது ஒருத்திதான். கோயில் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கே வந்து அவள் கையிலிருந்த ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மீன் விற்கிற இடத்தில் அவள் தலை தெரிந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இதையெல்லாம் அவள் பின்னால் என்னிடம் அழாமல்தான் சொன்னாள். கணவன் போனில் “உள்ளதச் சொல்லு, ஏட்டி” என்று கேட்டதைச் சொல்லும்போதுதான் உடைந்தாள்.

என்னை அனுப்பியது தொழில்நுட்ப அறிக்கை எழுத. யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க அல்ல. எனக்கும் அந்தக் கேள்வி பிடிக்காது. இப்படி ஒரு இடத்துக்குப் போனால் எனக்கென்று ஒரு முறை உண்டு. கம்ப்யூட்டரை யாரும் அணைக்கக் கூடாது, உதவி செய்ய வருகிறவர்கள் உட்பட. எல்லாரும் மேசையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நான் எதையும் தொடாமல் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முதலில் பார்ப்பேன். திரையில் என்ன இருக்கிறது, எந்த வயர் எங்கே போகிறது, எந்த விளக்கு எரிகிறது. ‘யார் செய்தது’ என்று கேட்கவே மாட்டேன், ‘யார் கடைசியாகத் தொட்டது’ என்றுதான் கேட்பேன். முதல் கேள்வி கேட்டால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் பொய் சொல்லத் தொடங்குவார்கள்.

அன்றும் அப்படி உட்கார்ந்தேன். கீபோர்டு இடுக்கில் கருமணல். கம்ப்யூட்டரின் நெற்றியில் எங்கள் வங்கியின் சின்னம். சாவி வாங்கியதிலிருந்து அந்த அறையில் யாரும் வேலை செய்யவில்லை என்றார் ஃபாதர். மெஷினை அணைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் இணையப் பெட்டியின் பச்சை விளக்கு நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. யாரும் தொடாத மெஷின் யாருக்காக இவ்வளவு வேலை செய்கிறது?

ஃபாதரின் முன்னிலையில் ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தேன். பிறகு உள்ளே பார்த்தேன். சினிமாவும் பாட்டும் இலவசமாக இறக்குகிற ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வகை மென்பொருள் சும்மா தருவதில்லை. உலகத்தில் யாரிடமோ இருந்து நமக்கு எடுத்துத் தரும், பதிலுக்கு நம் மெஷினில் ஒரு ஃபோல்டரை உலகத்துக்குத் திறந்து வைக்கும். எந்த ஃபோல்டர் என்று தொடக்கத்திலேயே கேட்கும். இந்த மெஷினில் திறந்து கிடந்த ஃபோல்டரின் பெயர் ‘பங்கு’.

ஸ்டெல்லாவை வரச் சொன்னேன். கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவள் வராமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றதும் ஆளை அனுப்பினார்கள். வந்து வாசலோடு நின்றாள்.

“இந்த ஃபோல்டர்ல என்ன வச்சிருக்கே ஸ்டெல்லா?”

“கோயில் காரியம் எல்லாம் மேடம். ஞானஸ்நானம், கல்யாணம், ஃபாதருக்க ஆதார் காப்பி, செக் காப்பி, பேங்குக்க பாஸ்வேர்டு.”

“பாஸ்வேர்டையுமா இதுல வச்சே?”

“பங்குன்னுல்லா போட்டிருந்துது” என்றாள். “நம்ம பங்குக்க சாமானத்த வேற எங்க மேடம் வைக்க?”

நாங்கள் வேறு கிறிஸ்தவ சபை, எங்கள் பக்கம் ‘சேகரம்’ என்போம். கடற்கரையில் ஒரு கோயிலும் அதன் மக்களும் சேர்ந்தால் அதற்குப் பெயர் பங்கு. அவள் பிறந்ததிலிருந்து அறிந்த சொல். தன் பங்கின் பெயர் எழுதியிருந்த பெட்டிக்குள் தன் பங்கின் பொருளை அடுக்கி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்தப் பெயரை வைத்தது யார்? கம்ப்யூட்டரை எங்கள் வங்கிதான் இலவசமாகக் கொடுத்தது. பந்தல் போட்டு, மேனேஜர் மாலையோடு மேடையில் நின்று, இனி நீங்கள் கிளைக்கு அலைய வேண்டாம், எல்லாவற்றையும் இதிலேயே செய்யலாம் என்று பேசிக் கொடுத்தது. மெஷினைக் கொண்டுவந்து பூட்டியது வங்கியின் ஒப்பந்த ஆள் பிரபு, கடற்கரைப் பேச்சு பழக்கமில்லாத தோவாளைக்காரன். ஆபீஸ் மெஷினிலிருந்து பக்கத்து வாசகசாலை மெஷினுக்கு ஃபைல் போய்வர ஒரு பொது ஃபோல்டர் வைத்திருக்கிறான். போன் போட்டுக் கேட்டேன்.

“ஷேர்னா தமிழ்ல பங்குதான மேடம்? அவங்களுக்கு இங்கிலீஷ் தட்டும்னு நல்லதுக்குத்தான் அப்படிப் போட்டேன்” என்றான்.

அந்தப் பாட்டு இறக்கும் மென்பொருளைப் போட்டது திருவிழாக் கமிட்டிக்காரர் சகாயம். கொடியேற்றம் முதல் பத்து நாளும் போட பாட்டு வேண்டுமே. மனிதர் மறைக்கவில்லை.

“எந்த ஃபோல்டரப் பங்கு வைக்கணும்னு அது கேட்டுது மேடம். பாத்தா அங்க பங்குன்னே ஒண்ணு கெடக்கு. பொறவு யோசிக்கியதுக்கு என்ன இருக்கு?”

மூன்று பேரும் ஒரே சொல்லை வாசித்தார்கள். மூன்று பேரும் சரியாகவே வாசித்தார்கள். எங்கேயோ இருந்த நான்காவது ஒருவன் அதற்குள் கையை விட்டு ஃபாதரின் ஆதாரையும் பாஸ்வேர்டையும் எடுத்திருக்கிறான். ஆதாரைக் காட்டி ஃபாதரின் நம்பருக்கு இன்னொரு சிம் வாங்கி, இரகசிய எண் தன் போனுக்கு வரும்படி செய்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை தன் போன் செத்துக் கிடந்ததை ஃபாதர் கவனித்திருக்கிறார். கடற்கரையில் டவர் இல்லாதது ஒரு அதிசயமா? பூசை முடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இனி எனக்கு ஒரு வேலைதான் பாக்கி. சொல்வதை நிரூபிக்க வேண்டும். திருடன் நின்ற இடத்தில் நின்று பார்த்தால்தான் நிரூபணம். ‘பங்கு’ ஃபோல்டரில் இருந்த அத்தனையையும் அகற்றினேன். அதற்குள் வெறும் ஒரு ஃபைலை மட்டும் வைத்தேன். ‘ஹெலன் வந்தாச்சு’ என்று அதற்குப் பெயர். மெஷினை ஓடவிட்டு, அறையைப் பூட்டச் சொல்லிவிட்டு, நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் வட்டார மேலாளர் மாதேவன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மரியாதையான மனிதர், வீட்டு விசேஷங்களை நினைவு வைத்துக் கேட்பார். அவர் மேசையில் ஒரு மைப்பேனா இருக்கும். நாம் சொல்வது பிடிக்கவில்லை என்றால் அதன் மூடியைக் கழற்ற மாட்டார். மறுக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். மூடி போட்ட பேனாவை மேசையில் மெல்ல உருட்டிக்கொண்டிருப்பார். அந்த மூடி கழல வேண்டும் என்பதற்காக எத்தனையோ பேர் எத்தனையோ வரிகளை மாற்றி எழுதியிருக்கிறார்கள். நமக்கு டீ வரவழைத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

அவர் அறையிலேயே, வங்கியின் இணைப்பில் அல்லாமல் என் சொந்த லேப்டாப்பில், அந்த மென்பொருளின் வழியாகத் தேடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு திரையில் ‘ஹெலன் வந்தாச்சு’ என்று வந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கோயிலுக்குப் போன் போட்டு இணைய வயரைப் பிடுங்கச் சொன்னேன். சார் டீ சொன்னார்.

“சோலிய சுத்தமா முடிச்சிருக்கிய ஹெலன். இத அப்படியே வாடிக்கையாளர் அலட்சியம்னு எழுதித் தாங்க. எல்லாருக்கும் காரியம் எளுப்பம்.”

“கம்ப்யூட்டர் நம்ம பேங்க் குடுத்தது சார்.”

“குடுத்தது தப்பா?”

“குடுத்தது தப்பில்ல. அதுல ஃபோல்டரத் தொறந்து வச்சது நம்ம ஆளு. அதுலயே பேங்க் வேலையும் செய்யச் சொன்னது நம்ம மேனேஜரு. பாட்டு ஏத்துற மெஷின்ல பேங்க் வேலை செய்யாதீங்கன்னு அவங்களுக்கு ஒரு வார்த்தை யாரு சொன்னா? முன்னப்பின்ன தெரியாதவனுக்குக் கணக்கு முழுசும் போவுது, நம்ம ஆளுங்க கோயிலுக்கு ஒரு போன் அடிக்கல்ல. இத எல்லாம் விட்டுட்டு அலட்சியம்னு மட்டும் எப்படி சார் எழுத?”

பேனா உருண்டது.

“நம்மளப் பத்தி நாமளே எழுதினா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும்.”

“பணத்த நாம திருப்பிக் குடுக்க வேண்டி வரும் சார்.”

“அடுத்த மாசம் ப்ரமோஷன் இண்டர்வியூ இருக்குல்லா உங்களுக்கு?”

“இருக்கு சார்.”

“அந்தப் பொண்ணுகிட்ட ஒரு அலட்சியமும் இல்லன்னா சொல்லுகிய?”

“அலட்சியம்னா ஒரு பொருளப் பேணாம போடுகது சார். அவ பங்குன்னு எழுதுன இடத்துல பங்குக்க பொருள வச்சா. அத விட எப்படிப் பேண? நீங்க அலட்சியம்னு எழுதினா ஊர்ல அதுக்கு அர்த்தம் களவுன்னுதான். அவளுக்க மாப்பிள்ளையே நம்பல்ல.”

அவர் மூடியைக் கழற்றவில்லை. நான் டீயைக் குடிக்கவில்லை. பயமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பயத்தை விடக் கோபம் பெரிதாக இருந்தது. மாலை போட்டுக்கொண்டு கொடுத்ததற்குப் பெயர் சேவை, அதனால் வந்த கேட்டுக்குப் பெயர் வாடிக்கையாளர் அலட்சியமா? அவருடைய ஒப்பம் இல்லாமலே, நடந்தது அத்தனையையும் எழுதி, என் கையெழுத்தை மட்டும் போட்டு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். முறைப்படி அது தவறு. தெரிந்தேதான் செய்தேன், இன்றைக்குக் கேட்டாலும் செய்வேன்.

அறிக்கை இரகசியம், வெளியே பேசக் கூடாது என்று சார் போனில் மென்மையாக நினைவூட்டினார். அறிக்கையை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் என் வாய் வங்கியின் சொத்து இல்லை. அடுத்த ஞாயிறு காலையில் எங்கள் சபையின் ஆராதனைக்குப் போகாமல் அந்த ஊருக்குப் போனேன். பூசை முடிந்து கமிட்டி கூடியிருந்தது. பிரபு என்ன நினைத்துப் பெயர் வைத்தான், ஸ்டெல்லா என்ன நினைத்து அடுக்கினாள், சகாயம் என்ன நினைத்துத் திறந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சகாயம் எழுந்து, ஆமா, நான்தான் திறந்தேன் என்று ஊர் கேட்கச் சொன்னார். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன். கமிட்டித் தலைவர் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் சாவியை எடுத்து ஸ்டெல்லாவுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

அவள் எடுக்கவில்லை.

“மேசையில வைக்காண்டாம்” என்றாள். “எனக்க வீட்டுக்கு வந்து எனக்க கையில இருந்துதான வாங்கினிய? கையில தாங்க.”

தலைவர் வயதில் மூத்தவர். சாவியை எடுத்து, மேசையைச் சுற்றி நடந்து வந்து, அவள் கையில் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. அன்று சாயங்காலம் தன் கணவனுக்குப் போன் போட்டு என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் காரியம்.

பணம் உடனே வரவில்லை. வங்கி இழுத்தடித்தது. கோயில் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது, அங்கே என் அறிக்கையைக் கேட்டு வாங்கினார்கள், கடைசியில் வங்கி திருப்பிக் கட்டியது. என் இண்டர்வியூ நடந்தது, ப்ரமோஷன் நடக்கவில்லை. அதற்குள் திருநெல்வேலிக்கு வடக்கே, பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிற ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. மாதேவன் சார் வழியனுப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஹெலன் கொஞ்சம் பிடிவாதம், ஆனால் நல்ல ஊழியர் என்று பேசினார். கொஞ்சம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசி இரண்டு வருடம் நாகர்கோவிலுக்கே திரும்பி வந்தேன், பழைய பதவியோடேயே.

ஷீபா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். வங்கி வேலை செய்கிற கம்ப்யூட்டரில் வேறெதற்கும் எதையும் திறந்து வைக்கக் கூடாது. பாட்டும் வேண்டாம், படமும் வேண்டாம். அதைச் சுவரொட்டி அடித்து ஒட்டு, நான் தடுக்கவில்லை. ஆனால் அதே சுவரொட்டியில், அந்த மெஷினைக் கொண்டுபோய் வைக்கிற நாம் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுது. எழுத விடமாட்டார்கள் என்றால் சுவரொட்டியே வேண்டாம்.

இதை எழுதுவதற்கு முன்னால் ஸ்டெல்லாவிடம் அனுமதி கேட்கப் போன் போட்டேன். இப்போதும் அதே ஆபீசில்தான் இருக்கிறாள். மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, கணவன் ஊரோடு வந்துவிட்டான். எழுதிக்கொள்ளுங்கள், பேரையும் போடுங்கள், எனக்கு என்ன வெட்கம் என்றாள். நான்தான் வேறு பெயர் போட்டிருக்கிறேன். கோயிலுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்களாம், அவர்கள் காசில்.

“பேங்க் வேலைக்கு அது தனியா மேடம். வேற ஒருத்தரும் அதுல உக்காரப்பிடாது. பாஸ்வேர்டு எனக்க மண்டையில இருக்கு.”

“ஃபோல்டர் ஏதாவது வச்சிருக்கியா அதுல?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு.”

“என்ன பேரு போட்டிருக்கே? பங்குன்னு போட்டுராத, மக்கா.”

சிரித்தாள்.

“‘ஹெலன்’னு போட்டிருக்கேன் மேடம். அந்தப் பேரக் கண்டா இந்த ஊர்ல ஒருத்தனும் தொடமாட்டான்.”